மரையாணி சொல்லும் வரலாறு

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து செல்வோர், ஏதேனும் ஒரு வீட்டின் மதிலோரத்தில் தார்ப்பாய் போர்த்தி விடப்பட்ட பழைய வண்டியொன்றைக் காணக்கூடும். பாயின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தால், தட்டையான முகமும், பெட்டி போன்ற உடலும், நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கும் அடிப்பாகமும் அது இன்னதென்று உடனே கூறிவிடும். அது லாண்ட் ரோவர். ஒரு காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் செங்குத்தான பாதைகளில் ஏறியிறங்கிய இனத்தது. இன்று வீட்டாருக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய இரும்பு.

ஆயினும் அவ்வீட்டிலே ஓர் இளைஞருக்கோ, ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கோ, அதனை மீண்டும் ஓட வைத்தால் என்ன என்ற எண்ணம் ஒரு நாள் பிறக்கிறது. 2020 ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பழைய வண்டிக்கு மதிப்பு உயர்ந்தது. பழையதைத் திருத்திக்கொள்ளும் ஆசையும் பலருக்கு உண்டாயிற்று. இத்தொழிலில் முன்பின் பழக்கமில்லாதவர் முதலில் தேடுவது பணத்தை. அடுத்துத் தேடுவது கைதேர்ந்த ஒரு பாஸை. ஆனால், வேலையைத் தொடங்கிய முதல் நாளிலேயே அவரைத் திகைக்க வைப்பது இவை இரண்டுமல்ல. ஒரு சாதாரண ஸ்பானரே.

முன்புறத்து மரையாணி ஒன்றைக் கழற்ற எண்ணி, அரை அங்குலம் என்று பொறித்த ஸ்பானரை எடுத்து வைக்கிறார். அது பொருந்தவில்லை. வேறொரு வகை அரை அங்குல ஸ்பானரை வைக்கிறார், அது வழுக்குகிறது. என்ஜினுக்குப் பக்கத்திலுள்ள மற்றோர் ஆணிக்கோ இரண்டுமே உதவுவதில்லை. மில்லிமீற்றர் அளவு கொண்ட மூன்றாவது வகை வேண்டியிருக்கிறது. ஒரே வண்டிக்கு ஏன் மூன்று வகை ஸ்பானர்கள்? வினா சிறியது. ஆனால் அதற்கு விடை காணப் புகுந்தவர், தம்மை அறியாமலே இந்நாட்டின் ஒரு நூற்றாண்டு வரலாற்றினுள் நுழைந்துவிடுகிறார்.

முதலாவது ஸ்பானர் பிரித்தானியப் பேரரசின் காலத்தது. 1841 ஆம் ஆண்டிலே ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டுக் கிடந்த மரைகளையெல்லாம் ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவர ஒரு திட்டம் வகுத்தார். மரையின் கோணம் 55 பாகை என்பது அவர் விதித்த விதி. அவ்விதியைத் தழுவிப் பின்னர் எழுந்த நுண்மரை வகையொன்றும் உண்டு. இவற்றுக்குரிய ஸ்பானரில் பொறித்திருக்கும் எண், ஆணித்தண்டின் விட்டத்தைக் குறிப்பதேயன்றி, ஸ்பானரின் வாயகலத்தைக் குறிப்பதன்று. புதியவர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். ஆதிகால லாண்ட் ரோவர் வண்டிகளின் ஆணிகளுட் பெரும்பாலானவை இந்த 55 பாகைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அந்த வண்டி பிறந்த கதையோ வேறொரு வண்டியிடமிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குமுன்னரே, எத்தகைய நிலத்திலும் செல்லக்கூடிய இலேசான வண்டியொன்று தேவையென அந்நாட்டு இராணுவம் கேட்டது. பென்சில்வேனியாவிலிருந்த பாண்டம் என்னும் சிறிய தொழிலகம், கார்ல் புரொப்ஸ்ட் என்பவரின் வரைபடத்தைக் கொண்டு, 1940 செப்டெம்பரில் முதல் மாதிரியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய தொழிலகங்கள் போர் முடியுமளவும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து குவித்தன. அதுவே ஜீப்.

அப்போர் இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. 1942 ஏப்ரல் 5 ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் பேராதனைக்கு வந்தது. போர் ஓய்ந்தபின், போருக்காக வந்த பொருள்கள் பல குடிமக்களின் வாழ்வுக்குப் பயன்படலாயின. அக்கட்டளைப் பீடத்தின் ஒலிபரப்பு நிலையமே பின்னர் இலங்கை வானொலியின் வளர்ச்சிக்கு உறுதுணையாயிற்று. உலகெங்கும் மிஞ்சிய ஜீப்புகளோ வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின.

அவ்வாறு போன ஒரு ஜீப், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவிலிருந்த ஒரு பண்ணையை அடைந்தது. அப்பண்ணையின் உரிமையாளர் மோரிஸ் வில்க்ஸ். ரோவர் தொழிலகத்தின் தலைமைப் பொறியியலாளர். ஜீப் பழுதானால் அதற்கு மாற்றாக எதனை வாங்குவது என்று எண்ணியவர், அத்தகைய வண்டியைத் தாமே செய்துவிடத் துணிந்தார். 1947 இல் கடற்கரை மணலிலே அவர் அதன் உருவை வரைந்து காட்டினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. முதல் மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே அமைக்கப்பட்டது. 1948 ஏப்ரல் 30 ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் காட்சியில் லாண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதன் சக்கர அச்சுகளின் இடைத்தூரம் 80 அங்குலம். ஜீப்பின் அளவும் அதுவே.

இங்கே புதியவர் மனத்திற் கொள்ளவேண்டிய உண்மையொன்று உண்டு. போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே, அடிச்சட்டத்தை உருக்குத் தகட்டுத் துண்டுகளை ஒட்டிப் பெட்டி வடிவிற் செய்தார்கள். உடலை அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தார்கள். அக்காலத்து வண்டிகளின் பச்சை வண்ணமும் விமானங்களுக்கென வாங்கி மிஞ்சிய வண்ணமே. உள்ளதைக் கொண்டு உருவாக்கப்பட்ட வண்டி அது. பழைய ஜீப்பைப் பார்த்து அதனைச் செம்மைப்படுத்த முயன்றதன் விளைவே லாண்ட் ரோவர். எனவே, மாற்றமும் மேம்பாடும் அதன் இயல்புக்கு முரணானவையல்ல.

அந்த உருக்கும் அலுமினியமும் சேர்ந்ததே வெள்ளவத்தையில் வினையாகிறது. உப்புக்காற்றின் ஈரம் படியும்போது, இவ்விரு உலோகங்களும் தொடும் இடங்களில் அலுமினியம் வெண்பொடியாய் அரிக்கப்படுகிறது. பெட்டிச் சட்டமோ உள்ளிருந்தே துருவேறுகிறது. வெளியே பூச்சு பளபளக்கும், உள்ளே வெறுமையாயிருக்கும். சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். அரிபட்ட இடம் மழுங்கிய ஓசை தரும். வண்ணத்தைப் பார்த்து வண்டியை வாங்கியவரும், சட்டத்தைச் சோதியாமல் வண்ணம் பூசியவரும் பின்னர் வருந்துவது உறுதி. அடிச்சட்டமும், கால் வைக்கும் தட்டுகள் பொருந்திய முன்சுவரும் உறுதிப்பட்ட பின்னரே மற்றவை.

இரண்டாவது ஸ்பானர், போர் கற்பித்த பாடத்தின் விளைவு. போர்க்களத்திலே பிரித்தானியச் சுரை அமெரிக்க ஆணியில் ஏறவில்லை. ஒன்றின் மரைக்கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. ஒரே பக்கத்தில் நின்று போரிட்ட நாடுகள் ஒன்றன் கருவியை மற்றொன்று திருத்த முடியாது தவித்தன. இதனால், 1948 நவம்பரில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் வாஷிங்டனில் கூடி, 60 பாகைக் கோணமுள்ள ஒருமித்த மரைக்கு உடன்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல, லாண்ட் ரோவரிலும் அம்மரை இடம்பெறலாயிற்று. 1958 இல் வந்த இரண்டாம் வரிசை வண்டிகளிலும், 1971 இல் வந்த மூன்றாம் வரிசை வண்டிகளிலும் பழைய ஆணி குறைந்து புதிய ஆணி கூடுவதைக் காணலாம். வண்டியின் வயதை மரைகளைக் கொண்டே ஓரளவு அறிந்துகொள்ளலாம். இரண்டு வகையையும் ஒரே தகரத்திற் போட்டுக் கலந்துவிட்டால், பின்னர் தவறான சுரை இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். வலிந்து திருகினால் மரையே அழியும். பால்மாத் தகரங்களில் தனித்தனியே இட்டு, எவ்விடத்து ஆணி என்று எழுதி ஒட்டுவதே இப்பணியில் முதலாவது ஒழுக்கம்.

மூன்றாவது ஸ்பானர் இலங்கையின் சொந்தக் கதையைச் சொல்வது. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரை அவை மிகக் கடுமையாயிருந்தன. புதிய வண்டியும் அரிது; உதிரிப்பாகமும் அரிது. அக்காலத்தில் நாட்டின் வண்டிகளை ஓட வைத்தவர்கள் கொழும்பின் கராஜ்களிலும் கடைசற் பட்டறைகளிலும் உழைத்த பெயரறியாத தொழிலாளர்களே. கிடைக்காத பாகத்தைக் கடைந்து செய்தார்கள்; உடைந்ததை ஒட்டினார்கள்; ஒரு வண்டிக்குரியதை மற்றொன்றுக்குப் பொருத்தினார்கள். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளும் என்ஜின்களும் வரலாயின. கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத மருதானையின் பஞ்சிகாவத்தை, அவற்றின் பெருஞ்சந்தையாயிற்று. அங்கே கடைதோறும் குவிந்திருக்கும் கியர்ப்பெட்டிகளுக்கும் அச்சுகளுக்கும் இடையே சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும். பாகத்தின் பெயர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. பெற்றோல் குடிக்கும் பழைய ஆங்கில என்ஜினை இறக்கிவிட்டு, சிக்கனமான ஜப்பானிய டீசல் என்ஜினை ஏற்றுவது இந்நாட்டில் வழக்கமாயிற்று. மில்லிமீற்றர் ஸ்பானர் வேண்டியிருப்பது அதனாலேதான்.

ஆக, ஒரே வண்டியில் பேரரசும், உலகப் போரும், திறந்த சந்தையும் மூன்று மரைகளாக முறுகிக் கிடக்கின்றன. இவற்றுள் எதனைப் போற்றுவது, எதனை நீக்குவது?

சிலர், தொழிலகத்திலிருந்து வந்தவாறே யாவும் இருக்கவேண்டும் என்பர். வேறு சிலர், பழையதெல்லாம் குப்பை, புதியதே வேண்டும் என்பர். இரு சாராரும் ஒரு பகுதி உண்மையையே காண்கின்றனர். பழைய லாண்ட் ரோவரின் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரத்திலும் உருளை வகைப் பிரேக். ஆதி வண்டிகளிலோ எண்ணெய் செல்லும் வழி ஒன்றே. அவ்வழியில் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் கைவிட்டுவிடும். அன்றைய மந்தமான வேகத்துக்கு அது போதியதாயிருந்தது. வலிய டீசல் என்ஜினை ஏற்றிவிட்டு, பிரேக்கைப் பழையபடியே விட்டுவைப்பது அறிவீனம். பேருந்துகளும் முச்சக்கர வண்டிகளும் நெருங்கி ஓடும் காலி வீதியில் அது உயிரோடு விளையாடுவதாகும். ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே இரட்டை வழிப் பிரேக், மிதிக்கு உதவும் அழுத்தக் கருவி, இருக்கைப் பட்டி, தெளிவான விளக்கு ஆகியவற்றைச் சேர்ப்பதில் குற்றமில்லை. சேர்க்காமல் விடுவதே குற்றம்.

மின்சாரத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை வந்த லாண்ட் ரோவர் வண்டிகளில், பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலத்து வண்டிகளிலோ எதிர்முனை இணைக்கப்படுகிறது. இதனை அறியாமல் புதுமுறை மின்பிறப்பாக்கியைப் பழைய கம்பிகளோடு இணைத்தால், அது நொடியில் கருகிப்போகும். முன்னோர் எவ்வழியில் அமைத்தனர் என்பதை அறியாமல் செய்யும் மேம்பாடு, மேம்பாடாக முடிவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

எனவே புதியவருக்கு உரிய நெறி இதுவே: உயிரைக் காப்பதற்கு வேண்டியதை மாற்றலாம், உழைப்புக்கு வேண்டியதையும் மாற்றலாம், ஆனால் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாதபடி எதனையும் வெட்டலாகாது, கழற்றியதை எறியலாகாது, செய்ததை எழுதாமல் விடலாகாது. என்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். சட்டத்தின் தேவை மட்டுமன்று அது, வரலாற்றின் தேவையுமாகும். அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைத் துருவென்று எண்ணித் தேய்த்து அழித்துவிடுவோர் உளர். அவ்வெண்ணே வண்டியின் பிறப்புச் சான்று. இங்கிலாந்தின் கெய்டன் சிற்றூரிலுள்ள பிரித்தானிய மோட்டார் அரும்பொருட்சாலையில் தொழிலகத்தின் பழைய பேரேடுகள் காக்கப்படுகின்றன. அவ்வெண்ணைக் கொண்டு, ஒரு வண்டி சொலிஹல் தொழிலகத்தில் எப்போது செய்யப்பட்டது, எங்கே அனுப்பப்பட்டது என்பதைக் கேட்டறியலாம்.

இலக்கத் தகட்டுக்கும் இது பொருந்தும். முற்காலத்தில் இந்நாட்டு வண்டிகள், சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்த இரட்டை எழுத்துகளைத் தாங்கின. பின்னர் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டது. 1958 இல் தமிழ் மக்கள் அதனை எதிர்த்து இயக்கம் நடத்தினார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் நாடு இனக்கலவரத்தைக் கண்டது. ஒரு தகட்டின் எழுத்து எத்தனை மனங்களைப் புண்படுத்தக்கூடும் என்பதை அவ்வாண்டு உணர்த்தியது. தம் வீட்டு வண்டியின் பழைய தகட்டைக் கழற்றும் ஒருவர், அதனை அழகுக்காக மாற்றிவிட்டு எறிந்தால், ஒரு சாட்சியையே எறிந்தவராவார்.

கொழும்புத் தமிழருக்கு இதன் பொருள் இன்னும் ஆழமானது. 1983 ஜூலையிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நகரின் ஏனைய பகுதிகளிலும் வீடுகளும் கடைகளும் வண்டிகளும் எரிக்கப்பட்டன. உயிர்கள் பல மாண்டன. அந்த நெருப்பில் குடும்பங்களின் புகைப்படங்களும் உறுதிகளும் கடிதங்களும் சாம்பலாயின. காகிதம் எரிந்துபோன வீட்டிலே, எஞ்சிய இரும்பும் ஓர் ஆவணமே. தந்தையின் கை தேய்த்து வழுவழுப்பாக்கிய சுக்கானும், பாட்டனார் தாமே ஒட்டிய தகடும், யாரோ ஒரு பாஸ் இறக்குமதி இல்லாத காலத்தில் கடைந்து செய்த ஆணியும் மற்றெங்கும் எழுதப்படாத பக்கங்கள். அவற்றைப் பழுதென்று மட்டும் காண்பவர், பழுதோடு சேர்த்து வரலாற்றையும் நீக்கிவிடுகிறார்.

வெளிநாட்டிலும் இவ்வுண்மை உணரப்பட்டுள்ளது. 1948 இல் ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைக்கப்பட்ட வண்டிகளுள் ஒன்று, 1960களின் பின் வேல்ஸ் நாட்டு வயலொன்றில் இருபது ஆண்டுகள் கிடந்தது. அதனைத் திருத்த விரும்பி வாங்கிய ஒருவரின் தோட்டத்தில், வேலை முற்றுப்பெறாமல் மேலும் பல ஆண்டுகள் கிடந்தது. 2018 இல் தொழிலகமே அதனைக் கண்டெடுத்துத் திருத்த முற்பட்டபோது, காலத்தின் தழும்புகளையும் எஞ்சிய பழைய பச்சை வண்ணத்தையும் அழிக்காது காப்பதே தன் நோக்கமென அறிவித்தது. அத்தொழிலகம் 2008 முதல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துக்கு உரியது என்பது காலத்தின் மற்றொரு திருப்பம். இன்னும் ஒரு வண்டி உண்டு. 1955 இல் ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் அறுவர் இரண்டு லாண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 இல் சிங்கப்பூரை அடைந்தனர். ஆக்ஸ்போர்ட் எனப் பெயரிடப்பட்ட வண்டி பின்னர் தொலைதூரத்து செயின்ட் ஹெலீனாத் தீவிலே பாழாய்க் கிடந்து, மீட்டுத் திருத்தப்பட்டு, 2019 இல் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு மீண்டும் ஓடியது.

இவ்விரண்டு கதைகளிலும் புதியவருக்கு ஊக்கமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. கெட்டுப்போனது மீளக்கூடும் என்பது ஊக்கம். ஆர்வத்தோடு பிரித்துப் போட்டுவிட்டு முடிக்காமல் விடுவது, பிரிக்காமல் விடுவதினும் கேடு என்பது எச்சரிக்கை. ஒரு நேரத்தில் ஒரு வேலை. ஒரு சக்கரத்தின் பிரேக் முடிந்த பின்னரே அடுத்த சக்கரம். மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, ஒவ்வொரு படிக்கும் ஒரு புகைப்படம், ஒரு குறிப்பேடு, அனுபவமுள்ள முதிய பாஸ் ஒருவரின் துணை ஆகியவை இருந்தாற் போதும். ஏனையவை மெல்ல வந்து சேரும். அம்முதியவரிடம் கேட்டறிந்ததையும் அக்குறிப்பேட்டிலே பதிவு செய்துகொள்வது நன்று. பஞ்சிகாவத்தையின் அறிவு நூல்களில் இல்லை. அவருடைய விரல்களில் இருக்கிறது. அவரோடு அது மறைந்துவிட்டால், அதனைத் திரும்பப் பெறுவதற்கு எந்தச் சந்தையிலும் உதிரிப்பாகம் கிடையாது.

1948 இல் தொடங்கிய அந்த மூலவடிவின் வழிவந்த வண்டிகளின் தயாரிப்பு 2016 ஜனவரி 29 ஆம் நாள் சொலிஹலில் முடிவுற்றது. இனி அவ்வினத்தில் இருப்பவையே எஞ்சுவன. வெள்ளவத்தை மதிலோரத்து வண்டியும் அவற்றுள் ஒன்று. ஒரு நாள் அதன் என்ஜின் மீண்டும் உறுமி எழுந்து, வண்டி காலி வீதியில் திரும்பும்போது, அதனைக் காண்போர் புதுப் பூச்சின் பளபளப்பை வியக்கலாம். அதனைத் திருத்தியவரோ, உள்ளே முறுகியிருக்கும் மூன்று மரைகளையும் அறிவார். அவற்றுள் ஒன்றையும் அவர் பொய்யாக்கவில்லையெனில், அவருடைய பணி நிறைவுபெற்றது எனலாம்.